சிக்ரித் கப்பலும் விளாங்குடி ஜெயபாண்டியும்

மதுரை திண்டுக்கல் ரோட்டில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு ஜெயபாண்டியின் ரெக்கவரி கிரேனைத் தெரியாமல் இருக்காது. பள்ளத்தில் கவிழ்ந்த லாரியோ, வாய்க்காலில் இறங்கிய காரோ, நடுரோட்டில் அச்சு முறிந்து நிற்கும் டிராக்டரோ, எதுவானாலும் முதல் போன் விளாங்குடிக்குத்தான் வரும். ஜெயபாண்டியும் அவருடைய கூட்டாளி கருத்தக்கண்ணனும் சோற்றில் கை வைத்திருந்தாலும் அப்படியே எழுந்து ஓடுவார்கள். மற்ற வண்டிகளின் நெற்றியில் குலசாமி பெயரோ பிள்ளைகள் பெயரோ இருக்குமல்லவா, அந்த இடத்தில் ஜெயபாண்டியின் மஞ்சள் வண்டியில் சிவப்பு எழுத்தில் 'சிக்ரித்' என்று கொட்டை கொட்டையாக எழுதியிருக்கும்.

எழுதிய பெயிண்டரே எழுத்துப்பிழை எதுவும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் பிரஷை எடுத்தார். வண்டி வீட்டுக்கு வந்த அன்று ஜெயபாண்டியின் மனைவி தமிழ்ச்செல்வி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"யாருங்க இவ?"

"கப்பல் பேரு செல்வி."

"கப்பலுக்குப் போயி பொம்பளைப் பேரு வப்பாகளா?"

நம் ஊரில் பஸ்ஸுக்கு வைக்கவில்லையா என்று ஜெயபாண்டி கேட்டார். தமிழ்ச்செல்வி அன்றைக்கு அதை முழுசாக நம்பவில்லை. நம்பும்படியான விஷயமாகவும் அது இல்லை.

ஜெயபாண்டியின் குடும்பம் பரவைக்கு மேற்கே தலைமுறை தலைமுறையாக நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். அண்ணன்மார்கள் நிலத்தோடு நின்றுவிட, ஆண்பிள்ளைகளில் கடைசியான இவர் லாரி பட்டறைக்குப் போய், கிரேன் பழகி, பிறகு சொந்த வண்டி வாங்கினார். ஒரு ஐப்பசி மழையில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கண்மாய்ச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதை இழுக்கப் போன கிரேனும் சேற்றில் வழுக்கி, லாரியை நோக்கியே போக ஆரம்பித்தது. கடைசியில் கரையில் இருந்த புளியமரத்தில் ஒயர் ரோப்பைக் கட்டி, கிரேனைக் கிரேனே இழுத்துக்கொண்டு மேலேறி, அப்புறம்தான் லாரியைத் தூக்க முடிந்தது.

மறுநாள் உடம்பெல்லாம் வலியோடு படுத்திருந்தவர், மற்ற ஊர்க்காரர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று போனை எடுத்தார். லாரி இழுக்கும் வீடியோ, டாங்கி இழுக்கும் வீடியோ என்று ஒவ்வொன்றாகப் போய், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வந்து நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் பனிக்கட்டி. நடுவில் ஒரு கப்பல் அசையாமல் நிற்கிறது. சில ஆட்கள் இரும்பு நங்கூரம் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பனிமேல் நடந்து போகிறார்கள். தூரத்தில் பனியைக் குடைந்து அதை இறக்குகிறார்கள். கப்பலில் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் விஞ்ச் சுற்றுகிறது. கயிறு விறைக்கிறது. கப்பல் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு, பனியைப் பிளந்துகொண்டு நகர்கிறது.

ஜெயபாண்டி படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார். "ஏ செல்வி, இங்கிட்டு வந்து பாரு. புளியமரம் இல்லாத ஊர்ல என்னா செஞ்சிருக்கான் பாரு."

அந்தக் கப்பல்தான் சிக்ரித். நூறு வருஷத்துக்கு முன்னால் வடதுருவக் கடலில் சீல் வேட்டைக்குப் போய்வந்த ஒரு சின்ன நார்வேக் கப்பல். ஹால்வோர் என்ற பெரிய ஆய்வுக் கப்பல் பனியில் நசுங்கி உடைந்து, அதில் இருந்தவர்கள் மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். காப்பாற்றப் போன பெரிய கப்பல்கள் பனியைப் பார்த்துத் திரும்பிவிட்டன. கேப்டன் தோர்வால்ட் மட்டும் வேட்டையைப் போட்டுவிட்டு சிக்ரித்தை உள்ளே விட்டார். ஒருமுறை பனி வழியை அடைத்தது. வெளியே வந்து மறுபடி வேறு பக்கமாக நுழைந்தார். கடைசிக் கொஞ்ச தூரத்தை நங்கூரம் போட்டு, விஞ்ச்சில் இழுத்தே கடந்தார்கள். பாளத்தில் இருந்த ஒருவரைக்கூட விடாமல் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த நாட்டு அரசர், கேப்டன் முதல் சமையல்காரர் வரை எல்லாருக்கும் வெள்ளிப் பதக்கம் கொடுத்தார். ஒருபக்கம் கிரீடம், மறுபக்கம் பனி நடுவே கப்பல், விளிம்பில் வாங்கியவர் பெயர்.

அந்தப் பதக்கங்கள் இப்போதும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன என்று தெரிந்துகொண்ட நாளில் ஜெயபாண்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனிலேயே மொழிபெயர்த்துப் படித்து, பெல்ஜியத்தில் இருந்த ஒரு வியாபாரியிடம் சிக்ரித்தின் பதக்கம் ஒன்றை வாங்கினார். பருத்தித் துணியில் பொதிந்து அது வந்து சேர்ந்தபோது, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வேறு மீட்புகளின் பதக்கங்களும் வந்தன. விமானம் விழுந்து பனியில் தவித்தவர்களை நாய்வண்டியில் போய்க் கூட்டிவந்தவருக்குக் கொடுத்தது ஒன்று. திமிங்கில வேட்டைக்காரர்களைப் படகில் ஏற்றி வந்தவருக்குக் கொடுத்தது ஒன்று. துருவத்தைத் தொட்டுவிட்டு வந்தவர்களின் பதக்கங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருத்தக்கண்ணன் ஒருநாள் காரணம் கேட்டதற்கு, போனவனுக்குக் கொடுத்தது நமக்கு எதற்கு, கூட்டியாந்தவனுக்குக் கொடுத்ததுதானே நம் சாதி என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு முள் இருந்தது. இணைய ஏலத்தில் கலந்துகொள்கிறவர்கள் பெயருக்குப் பதிலாக ஒரு படம் வைத்துக்கொள்வார்கள். ஜெயபாண்டி கிரேன் கொக்கியை வைத்திருந்தார். அவர் எந்தப் பதக்கத்துக்குக் கை நீட்டினாலும், கடைசி நேரத்தில் ஒரு பென்குயின் படம் வந்து விலையை ஏற்றிவிடும். சில சமயம் கொக்கி ஜெயிக்கும், பல சமயம் பென்குயின் ஜெயிக்கும். அது யாரோ குளிர்தேசத்துக் கோட்டையில் குடியிருக்கும் கோடீஸ்வரன் என்று ஜெயபாண்டி முடிவுகட்டியிருந்தார். கணப்பு அடுப்பு முன்னால் காலை நீட்டிக்கொண்டு, மடியில் பூனையோடு, ஒரு விரலால் தட்டித் தட்டித் நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறான் அந்த ஆள் என்று கருத்தக்கண்ணனிடம் அடிக்கடி புலம்புவார்.

போன தை மாதம், வெகுநாள் காத்திருந்தது ஏலத்துக்கு வந்தது. சிக்ரித்தில் விஞ்ச் இயக்கிய அன்டன் ஹாகனின் பதக்கம். கப்பலைக் கயிற்றால் இழுத்த அதே மனிதர். ஜெயபாண்டிக்குக் கேப்டனைவிட இவர்தான் பெரிய ஆள். ஏலம் முடிவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அதே ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய தங்கை நாகஜோதியின் பெண்குழந்தைக்குப் பரவையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே காது குத்த வேண்டும்.

காலையிலேயே முடிந்துவிடும் என்று நம்பியிருந்தார். சீர்த்தட்டு ஊர்வலம் மார்க்கெட் நெரிசலில் சிக்கி, மேளக்காரர்கள் ஒரு பக்கமும் சொந்தக்காரர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, மண்டபம் வந்து சேர்வதற்குள் பந்தி போட வேண்டிய நேரமாகிவிட்டது. எல்லாரும் சாப்பிட்டு முடித்து, ராகு காலத்துக்கு முன்னால் குத்திவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியபோது மணி நாலை நெருங்கியிருந்தது. ஜெயபாண்டி தலைப்பாகையும் மாலையுமாக மணையில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். போன் தமிழ்ச்செல்வியின் கையில்.

எதைத் தொட வேண்டும், எதுவரை போகலாம் என்று காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். தமிழ்ச்செல்வி வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கிக்கொண்டார். முதல் தடவை பென்குயின் மேலே போனபோது பட்டும்படாமல் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தடவை முந்தானையை இடுப்பில் செருகினார். மூன்றாவது தடவை, "இவன் என்னா, நம்மளை என்னான்னு நெனச்சான்?" என்று பக்கத்தில் நின்ற அத்தையிடம் கேட்டார். அத்தைக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் அவரும் எட்டி எட்டிப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆசாரி ஊசியை எடுத்தார். ஜெயபாண்டியின் கண் குழந்தையின் காதில் இல்லை, தூணோரம் நின்ற மனைவியின் முகத்தில் இருந்தது.

"அண்ணே, பிள்ளையப் பிடி. அங்க என்னத்தப் பாக்குற?" என்றார் நாகஜோதி.

சொல்லிவைத்த எல்லை தாண்டிவிட்டது என்று தமிழ்ச்செல்வி கையால் சாடை காட்டினார். ஜெயபாண்டி விட்டுவிடு என்று தலையாட்டினார். தமிழ்ச்செல்வி விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தட்டு. கொக்கி மேலே வந்தது. குழந்தை வீறிட்டது. ஒரு காது முடிந்தது. பென்குயின் மறுபடி ஏறியது. தமிழ்ச்செல்வி விரலை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. யாரோ ஒருவர், காரில் காற்று இறங்கிவிட்டது, வண்டி வருமா என்று கேட்கிறார். போனைத் துண்டித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஏலம் முடிந்திருந்தது. இரண்டாவது காதும் முடிந்திருந்தது.

தோற்றதில் ஜெயபாண்டியைவிட அதிகம் கொதித்தது தமிழ்ச்செல்விதான். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பென்குயினைத் திட்டிக்கொண்டே வந்தார். ஜெயபாண்டிக்கோ ஒரு பக்கம் துக்கமாக இருந்தாலும், இன்னொரு பக்கம் தன் மனைவி எல்லையைத் தாண்டி அடித்ததை நினைத்து உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சிக்ரித்தைப் பற்றி யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாசி பிறந்து சில நாட்களில், கூடல்நகர் பக்கம் நின்றுபோன வெங்காய லாரி ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் பரவை மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் விடாமல் ஹாரன் அடித்தது. வழி விட்டார். ஸ்கூட்டர் முந்தவில்லை. பக்கவாட்டில் வந்து, வண்டி நெற்றியை எட்டிப் பார்த்து, மறுபடி பின்தங்கி, மறுபடி வந்து கையை ஆட்டியது. யார் மேலாவது உரசிவிட்டோமோ என்று ஜெயபாண்டிக்குப் பக்கென்றது. ஓரங்கட்டி இறங்கினார்.

ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு. மூச்சு வாங்குகிறது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டி நெற்றியை நோக்கிக் கையை நீட்டினார்.

"இந்தப் பேரை யார் எழுதச் சொன்னா?"

"நாந்தேன் சார். கப்பல் பேரு."

இதோடு எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது கேள்வி கேட்டவர் இதுவரை கிடையாது.

"எந்தக் கப்பல்?"

"சீல் வேட்டைக் கப்பல் சார். பனியில மாட்டுன ஆளுகளைக் கூட்டியாந்த கப்பல்."

"கேப்டன் யாரு?"

"தோர்வால்ட்."

பெரியவர் கிரேனின் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விஞ்ச் யார் பார்த்தா?"

"அன்டன் ஹாகன். அவரு மெடலு போன மாசம் ஏலத்துக்கு வந்துச்சு சார். எவனோ ஒரு பென்குயின்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்."

பெரியவர் படியில் உட்கார்ந்தேவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். "அந்தப் பென்குயின் நான்தான். ராஜாராமன், எஸ்.எஸ். காலனி" என்றார்.

ஜெயபாண்டிக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு விநாடி காது மடல் சுட்டது. அப்புறம் அந்தக் கோட்டை, கணப்பு அடுப்பு, மடியில் பூனை எல்லாம் கண்முன்னால் வந்து, எதிரே வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்த எஸ்.எஸ். காலனி ராஜாராமனையும் பார்த்ததும், அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ராஜாராமனும் சிரித்தார். "அப்போ கொக்கி நீங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பின்னால் வெங்காய லாரிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயபாண்டி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, தமிழ்ச்செல்வியோடு எஸ்.எஸ். காலனிக்குப் போனார். கிரேனிலேயேதான் போனார், அழைப்பு வந்தால் அப்படியே கிளம்ப வேண்டுமே. கருத்தக்கண்ணன் வண்டியோடு தெருமுனையில் நின்றுகொண்டார். ராஜாராமனின் மனைவி ஜானு வாசலிலேயே இவர்களைப் பிடித்துக்கொண்டார். விஷயம் முழுவதும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"வாங்கோ. ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருந்துண்டு, ஒருத்தருக்கொருத்தர் ஏத்திவிட்டு, எங்கேயோ இருக்கறவாளுக்கு அள்ளிக் கொடுத்திருக்கேளே. நன்னாயிருக்கா இது?"

"நானும் இதத்தேன்மா கேட்டேன்" என்றார் தமிழ்ச்செல்வி. அவர் எல்லை தாண்டி அடித்த கதையை ஜெயபாண்டி சொல்ல வாயெடுத்தபோது, செல்வி முறைத்த முறைப்பில் பேச்சை மாற்றிவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் பழைய பட்டுத்துண்டு ஒன்றை விரித்து, இருவரும் தங்கள் பதக்கங்களை எடுத்து வைத்தார்கள். பாதியிலேயே இருவருக்கும் பேச்சு குளறத் தொடங்கியது. இவரிடம் இல்லாதது அவரிடம் இருந்தது, அவரிடம் இல்லாதது இவரிடம். நாய்வண்டிக்காரரின் பதக்கம் இங்கே, அவரோடு போனவரின் பதக்கம் அங்கே. ராஜாராமன் விளிம்பில் இருக்கும் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்து வாசிக்க, அந்த ஆள் என்ன செய்தார் என்பதை ஜெயபாண்டி சொன்னார். பிறகு இவர் வாசிக்க, அவர் சொன்னார். அன்டன் ஹாகனின் முறை வந்தபோது ராஜாராமன் வாசிக்கவில்லை. பதக்கத்தை எடுத்து ஜெயபாண்டியின் கையில் வைத்தார். ஜெயபாண்டி கப்பலின் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். விஞ்ச் லீவரைப் பிடித்துக் காய்த்துப்போன விரல் அது.

ராஜாராமன் மதுரைத் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை சிக்ரித்துக்கு இழுத்தது கயிறும் நங்கூரமும் இல்லை. பனிப்பாளத்தில் கிடந்தவர்கள் உடைந்த கப்பலிலிருந்து இறக்கிவைத்திருந்த ஒயர்லெஸ்ஸில் தந்தி போலத் தட்டி அனுப்பிய செய்தியை, சிக்ரித்தில் இருந்த ஆபரேட்டர்தான் முதலில் பிடித்தார். கப்பல் போய்ச் சேரும்வரை காதிலிருந்து கருவியைக் கழற்றாமல், அவர்களோடு பேசிக்கொண்டே வந்தார். சொல்ல ஒன்றும் இல்லாதபோது தன் ஊரில் விளையும் உருளைக்கிழங்கைப் பற்றிக்கூட அடித்து அனுப்பினாராம். இதைச் சொல்லும்போது ராஜாராமனின் விரல் தன்னாலே மேஜையில் கட், கடக்கட் என்று தட்டியது.

"அந்த ஆபரேட்டர் மெடலுக்காகத்தான் இதையெல்லாம் ஆரம்பிச்சேன். இன்னி வரைக்கும் ஏலத்துக்கே வரல."

ஜெயபாண்டி பெட்டியில் அதுவரை திறக்காத அடித்தட்டைத் திறந்தார். பெல்ஜியத்திலிருந்து வாங்கிய அவருடைய முதல் பதக்கம், அன்றைக்கு வந்த அதே பருத்தித் துணியில் இருந்தது. அது யாருடையது என்று வாங்கும்போது அவர் பார்க்கக்கூட இல்லை, சிக்ரித் என்று இருந்ததே போதுமாக இருந்தது. விளிம்பில் இருப்பது ஒயர்லெஸ் ஆபரேட்டரின் பெயர் என்று கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதை ராஜாராமனின் முன்னால் வைத்தார். ராஜாராமன் பூதக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. விளிம்பை ஒருமுறை திருப்பினார், இன்னொரு முறை திருப்பினார். கண்ணாடிக்குள் தெரிந்த அவருடைய கண் நிறைந்து தளும்பியது.

"மாத்திக்கலாமா?" என்று கேட்டார்.

"மாத்திக்கிருவோம் சார்" என்றார் ஜெயபாண்டி, கேள்வி முடிவதற்குள். அன்டன் ஹாகனை அவர் அதுவரை கீழே வைக்கவே இல்லை.

ஜானு காபியோடு வந்தபோது இருவரும் ஆளுக்கொரு பதக்கத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் போல இளித்துக்கொண்டிருந்தார்கள். காபி ஒரு மிடறு உள்ளே போயிருக்கும், ஜெயபாண்டியின் போன் அடித்தது. சமயநல்லூர் தாண்டி வாழைத்தார் லாரி ஒன்று ரோட்டை விட்டுச் சரிந்து, டிரைவர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார். தீயணைப்பு வண்டியும் வந்துகொண்டிருக்கிறது.

"வாரேன், வாரேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே ஜெயபாண்டி எழுந்து ஓடினார். தெருமுனையில் வண்டிக்குள் ஏறும்போதுதான், பின்னால் ராஜாராமனும் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வருவது தெரிந்தது.

"நானும் வரேன். இத்தனை வருஷமா படிச்சதுதான், ஒண்ணைக்கூடக் கண்ணால பார்த்ததில்லை."

மறுக்க நேரமில்லை. கருத்தக்கண்ணன் கையைக் கொடுத்து மேலே இழுத்துக்கொண்டார். விளக்கைச் சுழலவிட்டு, ஹாரனை அலறவிட்டு, வண்டி திண்டுக்கல் ரோட்டைப் பிடித்துப் பறந்தது. ராஜாராமன் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே விலகுகிற ஒவ்வொரு வண்டியையும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

லாரி ஒருக்களித்துக் கிடந்தது. முன்பகுதி நசுங்கி, டிரைவரின் கால் பெடல்களுக்கிடையில் சிக்கியிருந்தது. ஆள் நினைவோடுதான் இருந்தார். கூட்டம் கூடிவிட்டது. ராஜாராமனுக்கு ஒரு வேலை கிடைத்தது. கருத்தக்கண்ணனின் சிவப்புத் துண்டை வாங்கிக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்று, எதிர்ப்பக்க வண்டிகளையெல்லாம் நிறுத்தினார். ஜெயபாண்டி லாரியின் கேபினில் கொக்கியை மாட்டி, விஞ்ச் லீவரைத் தொட்டார். ஒயர் விறைத்தது. வேகமாக இழுத்தால் டிரைவரின் கால் போய்விடும். மயிரிழை மயிரிழையாக இழுத்தார். தகரம் முனகியது. கேபின் ஒரு சாண் விலகியதும் தீயணைப்புக்காரர்கள் உள்ளே கைவிட்டு டிரைவரை வெளியே எடுத்தார்கள்.

முதலில் கைதட்டியது ராஜாராமன்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று தட்டினார். நிறுத்திவைத்த பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது டிரைவர் ஜெயபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு எதுவோ சொன்னார். அழுகையில் அது கேட்கவில்லை. ராஜாராமன் வந்து கருத்தக்கண்ணனின் கிரீஸ் அப்பிய கையைப் பிடித்துக் குலுக்கினார், ஜெயபாண்டியின் கையைக் குலுக்கினார், தீயணைப்புக்காரர்களையும் ஒருவர் விடாமல் தேடிப்போய்க் குலுக்கினார். அவருடைய வெள்ளைச் சட்டை பாழானதற்கு ஜானு அன்று முழுவதும் பேசினார் என்று தமிழ்ச்செல்வி பிறகு சொன்னார்.

இப்போது ஏலம் வந்தால் இருவரும் ஒரே போனில்தான் பார்க்கிறார்கள். விலையைத் தட்டுகிற வேலை தமிழ்ச்செல்விக்குப் போய்விட்டது. ராஜாராமனோ, தினமும் காலையில் காபி குடித்த கையோடு விளாங்குடிக்குப் போன் போட்டுவிடுகிறார்.

"ஜெயபாண்டி, இன்னிக்கு ஏதாவது வண்டி விழுந்திருக்கா?"

"இன்னும் எதுவும் விழுகல சார். விழுந்தா மொத ஆளா ஒங்களுக்குத்தேன் சொல்லுவேன்."